தழும்பைச் சுற்றி ஓடும் அலை

மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்தவர்களின் ஈசிஜியில் அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும். சீரான வரிசைக்கு நடுவே அகலமாக, கோணலாக ஒரு அலை. பிறகு சற்று நீண்ட இடைவெளி. மறுபடி பழைய வரிசை. இப்படி முந்தும் துடிப்புகள் நிறைய உள்ளவர்களிடையே திடீர் மரணமும் அதிகம் என்பதை இதய மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். அந்தத் துடிப்புகளை மருந்தால் அடக்கிவிட்டால் சாவு குறையும் என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. மருந்துகளும் கைவசம் இருந்தன. எண்ணம் சரிதானா என்று பார்க்க 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற பெரிய சோதனை தொடங்கியது. மருந்து கொடுத்ததும் முந்தும் துடிப்பு அடங்கியது என்று உறுதியானவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். பிறகு 755 பேருக்கு என்கைனைடு அல்லது ஃப்ளெகைனைடு மாத்திரை, 743 பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சராசரியாகப் பத்து மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 63 பேர். 1989இல் அந்த இரண்டு மருந்துகளையும் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

ஈசிஜி சீரானது, ஆள் இறந்துபோனார். இது எப்படி நேர்ந்தது? மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. செல்லின் சவ்வில் சோடியம் நுழையும் வாயில்களை அடைத்தது, முந்தும் துடிப்புகள் குறைந்தன. தப்பு அடுத்த படியில் நடந்தது. ஒரு செல்லில் நடப்பதை வைத்து முழு இதயத்தில் என்ன நடக்கும் என்று மருத்துவ உலகம் மனக்கணக்காக முடிவு கட்டியது, அந்த மனக்கணக்கு பொய்த்தது. இதயத் தாளத்தின் ஒழுங்கும் சரி, ஒழுங்கின்மையும் சரி, தனியொரு வாயிலிலோ தனியொரு செல்லிலோ குடியிருப்பதில்லை. கோடிக்கணக்கான செல்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பும் உறவில் அது இருக்கிறது. அந்த உறவை மனத்தால் பின்தொடர்ந்து போக எவராலும் முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். இதயத்தைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினிக்குள் துடிக்கவைக்கும் ஆராய்ச்சியை மருத்துவத்தின் ஓரத்தில் நடக்கும் கணித விளையாட்டாகப் பலர் பார்க்கிறார்கள். காஸ்ட் சோதனையின் அந்த 63 பேரை நினைத்தால், இதய மருத்துவத்துக்கு நடுவிலேயே இடம் பெற வேண்டிய வேலை இது என்பது என் வாதம்.

முதலில் ஒரு செல்லைப் பார்ப்போம். ஓய்விலிருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புற மின்னழுத்தம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 85 மில்லிவோல்ட் கீழே இருக்கும். பக்கத்துச் செல்லிலிருந்து ஒரு சிறு மின் உந்துதல் வந்ததும் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. ஓரிரு மில்லி விநாடிக்குள் மின்னழுத்தம் பூச்சியத்தைத் தாண்டி மேலேறிவிடுகிறது. அதன் பின் கால்சியம் உள்ளே வருகிறது, பொட்டாசியம் வெளியே போகிறது. இந்த இழுபறியால் மின்னழுத்தம் கால் விநாடி அளவுக்கு மேலேயே தங்குகிறது. கடைசியில் பொட்டாசியம் வெல்ல, செல் பழைய நிலைக்கு இறங்குகிறது. இறங்கி முடியும்வரை அந்தச் செல்லைப் பக்கத்துச் செல் எவ்வளவு தட்டினாலும் எழாது. இந்த 'எழாத நேரத்தை' வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இனி வருவதெல்லாம் இதைச் சுற்றியே வருகிறது.

எந்த மின்னழுத்தத்தில் எந்த வாயில் எவ்வளவு வேகத்தில் திறக்கும், மூடும் என்பதைச் சமன்பாடாக எழுத முடியும் என்று காட்டியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும். ஊசிக் கணவாயின் தடித்த நரம்பிழையில் அளந்து, 1952இல் அந்தச் சமன்பாடுகளை வெளியிட்டார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி அப்போது பயன்படுத்தக் கிடைக்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடியைச் சுழற்றி இயக்கும் கணக்குப் பொறியிலேயே விடையைக் கண்டார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டது நரம்புக்கான கணக்கு. அதை இதயத்துக்குக் கொண்டுவந்தவர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்த டெனிஸ் நோபிள். லண்டன் பல்கலைக்கழகத்தில் மெர்க்குரி என்ற கணினி ஒன்று இருந்தது. ஓர் உடலியல் மாணவருக்கு அதில் ஒதுக்கப்பட்ட நேரம் பின்னிரவு 2 மணி முதல் 4 மணி வரை. கணினியிலிருந்து எழுந்து விடிகாலையில் இறைச்சிக்கூடத்துக்குப் போய் ஆட்டு இதயம் வாங்கி வந்து, பகலில் அளவெடுப்பார். 1960இல் அவர் வெளியிட்ட வரைகோட்டில் சமன்பாடுகள் தாமாகவே, யாரும் தூண்டாமல், வரிசையாகத் துடித்தன. 'துடி' என்று கட்டளையிடும் சமன்பாடு அதில் ஒன்றுகூட இல்லை. வாயில்கள் மின்னழுத்தத்தை மாற்றின, மின்னழுத்தம் வாயில்களை மாற்றியது, அந்தச் சுற்றிலிருந்து தாளம் பிறந்தது.

இதே பாடத்தைப் பிற்கால மாதிரிகளும் வேறு வகையில் சொல்லின. இதயத்தின் இயற்கையான தாளம் புறப்படும் இடத்தில் ஒரு விசேஷ மின்னோட்டம் இருப்பதை டாரியோ டிஃபிரான்செஸ்கோ கண்டுபிடித்தார். தாளத்தின் மூலமே இதுதான் என்று தோன்றும். ஆனால் கணினி மாதிரியில் அந்த ஓட்டத்தை முழுவதும் நீக்கிப் பார்த்தபோது இதயம் நிற்கவில்லை. சற்று மெதுவானது, அவ்வளவுதான். அந்த இடத்தை மற்ற ஓட்டங்கள் ஏற்றுக்கொண்டன. ஓர் உறுப்பைப் பிடுங்கிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே இருக்க என்ன ஆகிறது என்று பார்ப்பது உயிருள்ள இதயத்தில் அரிதிலும் அரிது. கணினியில் ஒரு எண்ணைப் பூச்சியம் ஆக்கினால் போதும்.

இனி ஒரு செல்லை விட்டு அலைக்கு வருவோம். செல்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டே போவதால் தசை முழுக்க ஒரு மின் அலை பரவுகிறது. கீழறைத் தசையில் அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். அலைக்குப் பின்னால் எழாத செல்களின் வால் ஒன்று நீண்டிருக்கும். அதன் நீளம் அலையின் வேகத்தை எழாத நேரத்தால் பெருக்கினால் வரும்: 50ஐ 0.25ஆல் பெருக்க, பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஏதோ ஒரு தடையைச் சுற்றி அலை வட்டமடிக்கப் பார்த்தால், அந்த வட்டம் இந்த வாலைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலையின் தலை தன் வாலிலேயே முட்டி அணைந்துவிடும். ஆரோக்கியமான இதயத்தில் அவ்வளவு பெரிய தடை கிடையாது. ஒவ்வோர் அலையும் எங்கும் பரவி, எங்கும் அணைந்து, அடுத்த துடிப்புக்கு இடம் விடுகிறது. மாரடைப்புக்குப் பின் கதை மாறுகிறது. செத்த தசை தழும்பாகிறது. தழும்பின் ஓரத்தில் உயிரோடு மிஞ்சிய இழைகள் நாருக்கு நடுவே வளைந்து நெளிந்து போகின்றன. அங்கே அலை தவழ்கிறது. வேகம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தது என்று வைத்துக்கொண்டால் வால் இரண்டரை சென்டிமீட்டர்தான். இரண்டரை சென்டிமீட்டர் சுற்றளவு என்பது ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வட்டம்; தழும்புகள் பலவும் அதைவிடப் பெரியவை. இப்போது அலை தழும்பைச் சுற்றித் தன் வாலைத் துரத்திக்கொண்டு ஓயாமல் ஓட முடியும். ஒவ்வொரு சுற்றுக்கும் கீழறை ஒருமுறை துடிக்கும், நிமிடத்துக்கு இருநூறு முறைகூட.

இந்த வட்டக் கருத்து பழையது. ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற உடலியல் ஆய்வாளர் விலங்குகளின் இதயத் தசையை வளையமாக வெட்டி, அலை அதில் சுற்றிச் சுற்றி வருவதை 1913இல் காட்டினார். மறு ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் மயங்கிக் கிடந்தார். நினைவு திரும்பாமலே 28 வயதில் இறந்தார். அவர் போட்டுக்கொடுத்த கணக்கைக் கொண்டு காஸ்ட் சோதனையைத் திரும்பப் பாருங்கள். சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து முந்தும் துடிப்பைக் குறைக்கும். கூடவே அலையின் வேகத்தையும் குறைக்கும். வேகம் குறைந்தால் வால் குட்டையாகும். வால் குட்டையானால் முன்பு சுழல முடியாத சிறு தழும்பைச் சுற்றியும் அலை சுழலும். தீப்பொறிகளைக் குறைத்த அதே மருந்து காட்டைக் காய வைத்துவிட்டது. 2011இல் கலிஃபோர்னியாவில் காலீன் க்ளான்சியின் குழு இதை முழுக் கணக்காகவே போட்டது: மருந்து மூலக்கூறு வாயிலைப் பிடிப்பதிலிருந்து தொடங்கி, செல், தசை, முழுக் கீழறை வரை படிப்படியாக. ஃப்ளெகைனைடு சுழலுக்கு வழி திறப்பதைக் கணக்கு காட்டியது. அதே வகையைச் சேர்ந்த லிடோகைன் அப்படிச் செய்யவில்லை என்பதையும் காட்டியது. ஒரே வகை மருந்துகளைக்கூடப் பிரித்துச் சொல்லும் நுட்பம் மனக்கணக்குக்கு வராது.

நடந்து முடிந்ததைத் திரும்பச் சொல்வது எளிது, நடக்கப்போவதைச் சொன்னதுண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் என்ன நடக்கிறது என்பது அறுபதுகளில் புதிராக இருந்தது. கார்டன் மோ தன் கூட்டாளிகளுடன் 1964இல் ஏறக்குறைய ஆயிரம் அறுகோணக் கட்டங்களைக் கணினியில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சற்றே மாறுபட்ட எழாத நேரம் கொடுத்தார். பல குட்டி அலைகள் பிரிந்தும் சேர்ந்தும் அலைந்து, ஓயாமல் நிலைத்தன. உயிருள்ள மேலறையில் அப்படி அலைகள் உலவுவதை நெதர்லாந்தின் மொரிட்ஸ் அலெஸ்ஸி நாய் இதயத்தில் அளந்து காட்டியது 1985இல், இருபது ஆண்டு கழித்து. இரண்டாவது நிகழ்ச்சி: அலை சுழலத் தழும்பே தேவையில்லை, அறுந்த அலையின் முனை தன்னைத் தானே சுற்றிச் சுழியாக முடியும் என்று ஆர்தர் வின்ஃப்ரீ போன்ற கணித உயிரியலாளர்கள் சொல்லிவந்தார்கள். தட்டில் ஊற்றிய வேதிக் கரைசலில் அந்தச் சுழிகள் கண்ணுக்கே தெரியும். இதயத் தசையிலும் அவை உண்டு என்பது 1992இல் ஹோசே ஹலீஃபெயின் குழு ஒளிப்பதிவில் காட்டிய பிறகே உறுதியானது. சுழி ஒன்றாக இருக்கும்வரை கீழறை அதிவேகமாகத் துடிக்கும். அது உடைந்து பல சுழிகளானால் துடிப்பு வெறும் நடுக்கம் ஆகிவிடும். சில நிமிடங்களில் உயிர் போகும் நிலை அது.

இந்தச் சுழிகளை அடக்கும் முயற்சியில் நம் நாட்டவர் பங்கும் உண்டு. நடுங்கும் இதயத்தை நிலைநிறுத்த இன்றைக்கு நம்மிடம் உள்ளது பெரிய ஷாக் ஒன்றுதான். மார்பின் வெளியிலிருந்து 200 ஜூல் அளவுக்குக்கூடக் கொடுக்க நேர்கிறது. நினைவோடு இருப்பவருக்கு அது பெரும் வேதனை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட், பின்னாளில் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்கு வந்த சிதாப்ரா சின்ஹா ஆகியோர் 2001இல் ஒரு மாற்று வழியைக் கணினியில் காட்டினார்கள். வயலை வரப்புகளால் பாத்தி பிரிப்பதுபோலத் தசைப்பரப்பின் மேல் மின்கம்பி வலை ஒன்றை விரித்து, அந்தக் கோடுகளில் மட்டும் மெல்லிய மின் துடிப்பைத் தரவேண்டும். கோட்டின் மேல் உள்ள செல்கள் எழாத நிலைக்குப் போய்விட, தசை சிறு பாத்திகளாகப் பிரிந்துபோகும். ஒவ்வொரு பாத்தியும் சுழி நிலைக்க முடியாத அளவுக்குச் சின்னது. சுழிகள் தாமே ஓரங்களில் மோதி அணைகின்றன. நாம் மேலே பார்த்த அதே வால் கணக்குதான் இதற்கும் அடிப்படை. இது மருத்துவமனைக்கு வந்துவிட்ட கருவி இல்லை. ஆனால் 'ஓங்கி அடி' என்ற ஒரே வழியைத் தாண்டி யோசிக்க முடியும் என்பதைச் சமன்பாடு கற்றுத்தந்தது.

நோயாளியின் படுக்கை வரை இந்தக் கணக்கு வந்திருக்கிறதா? வந்துகொண்டிருக்கிறது. மாரடைப்பு கண்டவர்களில் யாருக்கு மார்புக்குள் ஷாக் கருவி பொருத்த வேண்டும் என்று முடிவுசெய்ய மருத்துவர்கள் முக்கியமாக ஓர் எண்ணைப் பார்க்கிறார்கள்: இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது. 35 அல்லது அதற்குக் கீழே என்றால் கருவி. இந்த எண் இதயத்தின் பலத்தைச் சொல்கிறது. அலை எங்கே சுழலும் என்று சொல்வதில்லை. அதனால் கருவி பொருத்திய பலருக்கு அது ஒருமுறைகூட உயிர் காக்கும் ஷாக் கொடுக்கத் தேவைப்படுவதில்லை. 35க்கு மேலே இருந்ததால் கருவி கிடைக்காத பலர் திடீரென்று இறக்கிறார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நடாலியா ட்ரயனோவா குழு வேறு வழியில் போனது. நோயாளியின் எம்ஆர்ஐ ஸ்கேனில் தழும்பின் வடிவத்தை எடுத்து, அதே வடிவத்தில் கணினி இதயம் ஒன்றைக் கட்டி, அதைப் பல இடங்களில் மின்னால் தட்டிப் பார்த்தார்கள். எங்காவது சுழல் பிடித்துக்கொண்டால் அவர் ஆபத்தில் இருக்கிறார் என்று பொருள். 2016இல் 41 நோயாளிகளின் பழைய பதிவுகளில் சோதித்தபோது, வழக்கமான அளவுகோலைவிட இது பல மடங்கு நன்றாகக் கணித்தது. 2019இல் இதே குழு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள 10 பேருக்கு, தாறுமாறான அலைகளை நிறுத்தத் தசையில் எந்த இடத்தைச் சுட வேண்டும் என்பதைக் கணினி மேலறையில் முதலில் முடிவுசெய்து, பிறகு அதன்படி சிகிச்சை செய்தது. ஒருவருக்கு மட்டுமே மறுபடி செய்ய வேண்டியிருந்தது. 41 பேர், 10 பேர் என்பவை சின்ன எண்கள். இவற்றை வைத்து மருத்துவ நடைமுறையை மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்; பெரிய சோதனை நடத்தச் சொல்வதற்கு இவை தாராளமாகப் போதும்.

இந்த முறைக்கு எதிரான வாதங்களில் வலுவானது, மாதிரி உண்மைக்குப் பொருந்துவதாலேயே அது உண்மையாகிவிடாது என்பது. இதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1970களில் நோபிளின் குழு எழுதிய மாதிரி ஒன்று, தாளத்துக்குக் காரணம் வெளியே போகும் பொட்டாசிய ஓட்டம் படிப்படியாகக் குறைவதே என்று கொண்டது. அளவீடுகளோடு அழகாகப் பொருந்தியது. நடந்ததோ நேர்மாறு: உள்ளே வரும் ஓர் ஓட்டம் படிப்படியாகக் கூடியது என்று டிஃபிரான்செஸ்கோ 1981இல் பரிசோதனையால் நிறுவினார். மேலே சொன்ன விசேஷ ஓட்டம் அதுதான். பொருத்தமான தவறு சில ஆண்டுகள் உண்மையாக நடமாடியது. இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது கணக்கை விட்டுவிடுவதற்கான காரணம் இல்லை. மாதிரி தன் கருத்தை ஐயத்துக்கு இடமில்லாமல் எண்களில் எழுதிவைத்திருந்தது. அதனால் எந்த இடத்தில் தவறு என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. நோபிளே புதிய மாதிரியை டிஃபிரான்செஸ்கோவுடன் சேர்ந்து 1985இல் எழுதினார். 'முந்தும் துடிப்பை அடக்கினால் சாவு குறையும்' என்ற எண்ணமும் ஒரு மாதிரிதான். அதில் எண் ஒன்றும் இல்லாததால், தவறைக் காண உயிர்களைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வாதம்: ஸ்கேன் தழும்பைக் காட்டும், செல்லுக்குள் வாயில்கள் எத்தனை என்பதைக் காட்டாது, ஆளுக்கு ஆள் அவை மாறும்போது யாருடைய இதயத்தைக் கணக்கிடுகிறீர்கள்? நியாயமான கேள்வி. இதற்கு ஆக்ஸ்ஃபோர்டில் பிளான்கா ரோட்ரிகஸின் குழு கண்ட வழி, ஒரே மாதிரியை நம்பாமல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை எழுதுவது. ஒவ்வொன்றிலும் வாயில்களின் எண்ணிக்கை வேறு. மனித இதயச் செல்களில் அளந்த எல்லைக்குள் வருபவை மட்டும் தங்கும். அந்தக் கூட்டத்தின் மேல் 62 மருந்துகளைக் கணக்கால் செலுத்தி, எவை ஆபத்தான துடிப்பை உண்டாக்கும் என்று 2017இல் பார்த்தார்கள். 89 சதவீதம் சரியாக வந்தது. முயல் இதயச் சோதனைகள் தந்த அளவு 75 சதவீதம். மருந்து ஆய்வில் இது ஏன் முக்கியம் என்பதற்கு வெராப்பமில் ஒன்றே போதும். உயர் ரத்த அழுத்தத்துக்கு நெடுங்காலமாக நம்மூர்களிலும் கொடுக்கப்படும் மருந்து. ஒரு முக்கியமான பொட்டாசிய வாயிலை அது நன்றாகவே அடைக்கிறது. அந்த வாயிலை அடைத்ததற்காகவே சிசாப்ரைடு போன்ற மருந்துகள் அமெரிக்கச் சந்தையிலிருந்து போயின. அந்த ஒரு வாயிலை மட்டும் பார்த்தால் வெராப்பமிலும் போயிருக்க வேண்டும். அது கால்சியம் வாயிலையும் சேர்த்து அடைப்பதால் இரண்டும் ஈடுகட்டி, இதயம் பிழைக்கிறது. ஈடுகட்டலைக் கூட்டிக் கழித்துப் பார்க்கச் சமன்பாடு வேண்டும்.

செலவு பற்றிய கேள்வி மிச்சம். முழு இதயக் கணக்குக்குப் பெரிய கணினியும், தழும்பைக் காட்டும் எம்ஆர்ஐயும் வேண்டும் என்பது உண்மை. ஆனால் சமன்பாடுகள் பொதுச்சொத்து; ஒரு செல்லின் மாதிரியைச் சாதாரண மடிக்கணினியிலேயே கல்லூரி மாணவர் ஓடவிடலாம். நம்மிடம் குறைவது வேறொன்று என்று நினைக்கிறேன். ட்ரயனோவாவின் கணக்கைச் சரிபார்க்க முடிந்ததற்குக் காரணம், அந்த 41 பேரின் ஸ்கேனும், கருவி பொருத்திய பின் அவர்களுக்கு என்ன ஆனது என்ற பதிவும் ஒரே இடத்தில் பத்திரமாக இருந்ததுதான். நம் மருத்துவமனைகளில் ஷாக் கருவி பொருத்தப்படும் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டும். அடையாளம் நீக்கிக் கணிதத் துறைகளுக்குக் கொடுக்க வேண்டும். கருவி எப்போது ஷாக் கொடுத்தது என்பதை அதுவே பதிந்துவைக்கிறது. பரிசோதனைக்கு வரும் நாளில் மருத்துவர் அதைப் படித்தும் பார்க்கிறார். அந்தப் பதிவைத் தூக்கிப் போடாதீர்கள்.